ஒரே வளாகத்தில் நாலு பிளாக் இருந்தால் லீட் எல்லைக்கோட்டை எங்கே போடுவது?

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டு ஆரம்பிக்கிறேன். சென்னை ஓஎம்ஆரில் (பழைய மகாபலிபுரம் சாலை) 22 ஏக்கர் ஐடி வளாகம். ஏ, பி பிளாக்குகள் பல வருடமாக இயங்குகின்றன, சி பிளாக் இப்போது எழும்பிக்கொண்டிருக்கிறது, டி பிளாக்குக்கு இடம் விட்டு வைத்திருக்கிறார்கள். சி பிளாக்குக்கு மட்டும் லீட் என்கிற பசுமைக் கட்டடச் சான்றிதழில் கோல்டு தரம் வேண்டும். அந்தச் சான்றிதழுக்கு எந்த நிலம் வரை கணக்கு என்று காட்டுவதுதான் எல்லைக்கோடு. கன்சல்டன்ட் அனுப்பிய டிராயிங்கில் எல்லைக்கோடு சி பிளாக்கை ஒட்டிச் சுற்றிவிட்டு, வால் முளைத்த மாதிரி கிழக்கே நீண்டு குட்டைத் தோட்டத்தை வளைத்துக்கொள்கிறது. பிளாக்கின் வாசலுக்கு எதிரிலேயே இருக்கிற கார் நிறுத்துமிடத்தை மட்டும் லாவகமாகத் தாண்டிப் போயிருக்கிறது. இது செல்லுமா, இல்லை பேசாமல் மொத்த காம்பவுண்டுச் சுவரையே எல்லை என்று காட்டிவிடலாமா என்பது உங்கள் கேள்வி.

முதலாவது செல்லாது. இரண்டாவது செல்லும், ஆனால் வேண்டாம். அதைவிட முக்கியமாக, கன்சல்டன்ட் இந்தத் தகிடுதத்தம் செய்ய வேண்டிய அவசியமே உங்கள் தளத்தில் இல்லை. கீழே கணக்குப் போட்டே காட்டுகிறேன். எண்களையும் விதிகளையும் லீட் வெர்ஷன் 4, 4.1 புத்தகங்களின்படி சொல்கிறேன். வெர்ஷன் 5 2025 ஏப்ரலில் வந்துவிட்டது, அதனால் நீங்கள் எதில் பதிவு செய்திருக்கிறீர்கள் என்பதை முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

எல்லைக்கோடு லீட்டில் பாயிண்ட் வாங்கித் தருகிற விஷயம் இல்லை, உள்ளே நுழைவதற்கான குறைந்தபட்சத் தகுதிகளில் ஒன்று. அந்தத் தகுதிகள் மூன்றுதான்: கட்டடம் நிலையான இடத்தில் இருக்க வேண்டும், எல்லை நியாயமானதாக இருக்க வேண்டும், அளவு போதுமானதாக இருக்க வேண்டும். நியாயமான எல்லை என்றால் என்ன என்பதையும் புத்தகம் சொல்கிறது. கட்டடத்தோடு தொடர்புள்ள, அதன் அன்றாட இயக்கத்துக்கு உதவுகிற, தொடர்ச்சியான நிலம் எல்லாம் உள்ளே வர வேண்டும். இந்தக் கட்டுமானத்துக்காகக் கலைக்கப்பட்ட மண்ணும், முக்கியமாக இந்தக் கட்டடத்துக்காரர்களே பயன்படுத்துகிற பார்க்கிங், நடைபாதை, மழைநீர் அமைப்பு, தோட்டம் எல்லாமும் அதில் அடக்கம். பாயிண்ட் கிடைக்க வசதியாக இருக்கிறது என்பதற்காக எந்தத் துண்டையும் வெளியே தள்ளக்கூடாது. உங்கள் டிராயிங்கில் அந்த பார்க்கிங் வெளியே நிற்பதற்கு வேறு என்ன காரணம் இருக்க முடியும், சொல்லுங்கள். சான்றிதழுக்கு முன் ஆவணங்களைச் சரிபார்க்கிற ரிவ்யூவரும் அதைத்தான் கேட்பார்.

அதனால் நான் எல்லை போடும்போது ஆட்டோகேட் திறப்பதற்கு முன்னால் தளத்துக்குப் போய் ஒருமுறை நடந்துவிடுவேன். இந்தக் கட்டடத்துக்காரர்கள் எங்கே வண்டி விடுவார்கள், எந்த வழியாக உள்ளே நடப்பார்கள், சாப்பிட்டுவிட்டு எந்த மரத்தடியில் நிற்பார்கள்? இந்த வேலைக்காக ஜேசிபி எங்கெல்லாம் மண்ணைத் தொட்டது? இந்த இரண்டுக்கும் விடை கிடைத்தால் கோட்டில் முக்கால்வாசி தானாகவே விழுந்துவிடும். மீதிக் கால்வாசி பொதுவான விஷயங்கள், அங்கேதான் உண்மையான வேலை இருக்கிறது.

இப்போது கணக்கு. உங்கள் டிராயிங்கில் நான் பார்த்த அளவுகளை முழு எண்ணாக்கி எடுத்துக்கொள்கிறேன், தோட்டத்து நடைபாதை மாதிரிச் சில்லறைகளை விட்டுவிடுகிறேன். சி பிளாக் தரையில் பிடிக்கிற இடம் 4,500 ச.மீ. சுற்றிலும் 3,000 ச.மீ., அதில் தீயணைப்பு வண்டி சுற்றிவரும் பாதை 1,850, செடியும் உட்காரும் இடமுமாக 1,150. கிழக்கே தோட்டம் 3,000, அதற்குள் 300 ச.மீ. குட்டை. முன்னால் தார் போட்ட கார் பார்க்கிங் 2,500, ஏறக்குறைய நூறு கார்.

லீட்டில் பாயிண்ட் தருகிற ஒவ்வொரு அம்சத்துக்கும் கிரெடிட் என்று பெயர். திறந்தவெளி கிரெடிட்டுக்குத் தளத்தின் மொத்தப் பரப்பில், கட்டடம் நிற்கிற இடத்தையும் சேர்த்துத்தான், 30 சதவீதம் திறந்தவெளி வேண்டும், அதில் கால்வாசியாவது வெறும் புல்தரையாக இல்லாமல் செடி கொடி மரமாக இருக்க வேண்டும். கோட்டைக் கட்டடத்தை ஒட்டி மட்டும் போட்டால் தளம் 7,500, திறந்தவெளி 1,150, அதாவது 15 சதவீதம்தான், தோல்வி. வால் சேர்த்துத் தோட்டத்தை இழுத்துக்கொண்டால் 10,500க்கு 4,150, கிட்டத்தட்ட 40 சதவீதம். உங்கள் கன்சல்டன்ட் இங்கே வந்து நின்றுவிட்டார். சரி, பார்க்கிங்கையும் ஒழுங்காக உள்ளே சேருங்கள்: 13,000க்கு 4,150, கிட்டத்தட்ட 32 சதவீதம். அப்போதும் பாஸ்தான்! இந்த கிரெடிட்டுக்காக ஒளிக்க வேண்டிய அவசியமே இல்லை.

ஒரு இடத்தில் மட்டும் உஷார். குட்டையைத் திறந்தவெளியில் சேர்க்க வேண்டுமென்றால் கரை சரிவாக, சராசரியாக ஒன்றுக்கு நாலு என்ற வாட்டத்தில் அல்லது அதைவிடப் படுத்தவாக்கில், செடி வளர்ந்து இருக்க வேண்டும். நம்மூர் வளாகங்களில் குட்டை என்று சொல்வது பெரும்பாலும் செங்குத்தாக ஆர்சிசி சுவர் கட்டிய தொட்டிதான், மேலே ஒரு கம்பித் தடுப்பு, நடுவில் ஒரு ஃபவுண்டன். உங்களுடையதும் அப்படியென்றால் அந்த 300 கழிந்து 3,850 ஆகும், 29.6 சதவீதம், 50 ச.மீ.யில் கிரெடிட் போய்விடும். இப்போதே லேண்ட்ஸ்கேப் ஆளிடம் சொல்லிக் கரையை உடைத்துச் சரிவாக்கி நாணல் வைக்கச் சொல்லுங்கள், ஃபவுண்டன் செலவை அங்கே மிச்சம் பிடிக்கலாம்.

அடுத்தது வெப்பத் தீவு கிரெடிட், அதாவது தாரும் கூரையும் வெயிலை வாங்கிச் சூடேறுவதைக் குறைப்பதற்கானது. கன்சல்டன்டுக்குப் பயம் இங்கேதான் வந்திருக்கும், தார் பார்க்கிங் என்பதால். சூத்திரம் இப்படி: கூரையல்லாத இடத்தில் நிழலோ வெளிர் தளமோ புல் பேவரோ (இடைவெளியில் புல் முளைக்கிற தரைக்கல்) போட்ட பரப்பை 0.5ஆல் வகுக்க வேண்டும், வெயிலைத் திருப்பும் கூரைப் பரப்பை 0.75ஆல் வகுக்க வேண்டும், இரண்டின் கூட்டுத்தொகை தளத்தில் தாரோ கல்லோ பாவிய மொத்தத் தரையும் மொத்தக் கூரையும் சேர்ந்த பரப்பைத் தொட வேண்டும். மொட்டைமாடியில் சோலார், ஏசி கருவிகள் போக 3,600 ச.மீ. கூரை மிஞ்சுகிறது என்று வைத்துக்கொள்வோம், முழுக்க வெள்ளை கூல் ரூஃப் டைல்ஸ் போட்டால் 4,800 கிடைக்கும். பார்க்கிங்கை ஒளித்தால் தேவை 1,850 + 3,600 = 5,450, பாக்கி 650, அதற்கு 325 ச.மீ.யில் ஏதாவது செய்தால் போதும். பார்க்கிங்கைச் சேர்த்தால் தேவை 7,950, பாக்கி 3,150, அதற்கு 1,575 ச.மீ. வேண்டும். வித்தியாசம் 1,250. நூறு காருக்கு, ஒரு காருக்கு இரண்டரைக்கு ஐந்து மீட்டர் என்று போட்டால், கார் நிற்கிற கட்டங்கள் மட்டும் சரியாக 1,250 ச.மீ. வருகிறது. அந்தக் கட்டங்களில் தாரை எடுத்துவிட்டுப் பாதிக்கு மேல் மண் தெரிகிற புல் பேவர் போடுங்கள், கார் ஓடுகிற நடுப்பாதை தாராகவே இருக்கட்டும். ஓர் எல்லைக்கோட்டுத் தில்லுமுல்லுக்கு ஈடாக நூறு கார் கட்டத்துக்குப் பேவர், அவ்வளவுதான் விலை. நியாயமான கோட்டோடு போனால் மே மாதத்தில் காரைத் திறக்கும்போது உங்கள் ஆட்களுக்குக் கொஞ்சம் அனல் குறைவாக இருக்கும் என்பது தனி லாபம்.

மீதி 325க்குத் தீயணைப்புப் பாதையில் வெளிர் நிற பேவர் போடலாம், புதிதில் சூரிய ஒளிப் பிரதிபலிப்பு 0.33 என்று டெஸ்ட் ரிப்போர்ட் கேளுங்கள். புல் பேவர் அங்கே வேண்டாம், அவ்வளவு கனமான வண்டி ஏறுகிற பாதை அது. கூரை டைல்ஸுக்கும் ரிப்போர்ட் வேண்டும், தட்டைக் கூரைக்கு எஸ்ஆர்ஐ (வெயிலைத் திருப்பிச் சூடேறாமல் இருக்கிற திறனைக் காட்டும் எண்) புதிதில் 82. கடைக்காரர் வாயால் சொல்வது செல்லாது.

மொத்த காம்பவுண்டையும் எல்லையாகப் போடலாமே என்ற யோசனைக்கு வருகிறேன். 22 ஏக்கர் என்றால் சுமார் 89,000 ச.மீ. பச்சை நிறைய இருக்கிறது, திறந்தவெளி சுலபமாகக் கிடைக்கும், உண்மைதான். ஆனால் ஏ, பி பிளாக்குகளின் பழைய கூரைகள், அவற்றின் தார் சாலைகள் எல்லாம் உங்கள் வெப்பத் தீவுக் கணக்கில் வந்து உட்காரும். மழைநீர்க் கணக்கு 89,000க்கும் போட வேண்டும். அதோடு நாளைக்கு டி பிளாக் வரும்போது அதற்கென்று காட்ட ஒரு சென்ட் நிலம் மிச்சமிருக்காது, ஏனென்றால் ஒரு துண்டு நிலத்தை ஒரு கட்டடத்தின் கணக்கில் எழுதிவிட்டால் இன்னொன்றின் கணக்கில் மறுபடி எழுத முடியாது. கட்டடத்தின் எல்லா மாடிப் பரப்பும் சேர்ந்து நிலப்பரப்பில் 2 சதவீதத்துக்குக் குறையக்கூடாது என்றும் ஒரு விதி இருக்கிறது, உங்கள் அளவுக் கட்டடத்துக்கு அது பிரச்சினையே இல்லை, பெரிய மைதானத்து ஓரத்தில் சின்ன கேன்டீன் கட்டுகிறவர்கள்தான் கவலைப்பட வேண்டும்.

மழைநீரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் சென்னையில் எல்லைக்கோடு அதிகம் கடிக்கிற இடம் அதுதான். வருடத்துக்குச் சராசரியாக 1,400 மி.மீ. மழை, அதில் பெரும்பங்கு அக்டோபர் முதல் டிசம்பருக்குள் கொட்டித் தீர்த்துவிடும். லீட் கேட்பது வருடச் சராசரியை இல்லை, பல வருடத் தினசரி மழையை வரிசைப்படுத்தி, வெர்ஷன் 4ல் 95 அல்லது 98ஆவது பெர்சென்டைல் (நூறு மழையில் 95 அல்லது 98 அந்த அளவுக்குள் அடங்கும்), 4.1ல் 80, 85, 90 என்று அந்தந்த அளவு மழையைத் தளத்திலேயே பிடித்துவை என்கிறது. நம்மூரில் மழை சில நாட்களில் மொத்தமாகக் கொட்டுவதால் அந்த அளவுகள் பெரிதாகவே வரும். சும்மா ஒரு உதாரணத்துக்கு 50 மி.மீ. மழை என்று வையுங்கள், 13,000 ச.மீ.யில் அது 650 கிலோலிட்டர். செடியும் மண்ணும் குடிப்பது போகப் பாக்கியை எங்கேயாவது நிறுத்த வேண்டும். குட்டையில் ஒரு மீட்டர் காலியாக வைத்தால் 300 கிலோலிட்டர் பிடிக்கும். ஆனால் உங்கள் வளாகத்தில் ஏ, பி பிளாக்குகளின் மழைநீர்க் கால்வாயும் அதே குட்டைக்குத்தானே போகிறது? அப்படியென்றால் அந்த 300 உங்களுடையது இல்லை. குட்டை எல்லைக்குள் இருப்பதால் மட்டும் அதன் கொள்ளளவு சி பிளாக்குக்குச் சொந்தமாகிவிடாது. கால்வாய் லெவல்களைப் பார்த்து, பழைய பிளாக்குகளின் தண்ணீர் எவ்வளவு வருகிறது என்று கழித்துவிட்டு மிச்சத்தைக் காட்டுங்கள், இல்லையென்றால் அவர்கள் கால்வாயைத் திருப்பிவிடுங்கள்.

ரீசார்ஜ் கிணறு போட்டுவிட்டால் போதாதா என்பீர்கள். தமிழ்நாட்டில் 2003லேயே மழைநீர் சேகரிப்பு எல்லாக் கட்டடத்துக்கும் கட்டாயமாகிவிட்டது, அதனால் கிணறு எப்படியும் போட்டிருப்பீர்கள். ஆனால் பள்ளிக்கரணைப் பக்கம் களிமண்ணில், நவம்பர் கடைசியில் நிலத்தடி நீர் தரையை எட்டிப் பார்க்கிற சமயத்தில், கிணறு என்னத்தை உறிஞ்சும்? ஊடுருவல் சோதனையை ஏப்ரலில் செய்து அழகான எண் காட்டுகிறவர்களை நான் நம்புவதில்லை. தண்ணீரைத் தொட்டியில் பிடித்துக் கூலிங் டவருக்கோ ஃபிளஷுக்கோ அனுப்புகிற வழியை யோசியுங்கள். சதுப்புநிலம் பக்கத்தில் இருந்தால் இன்னொன்றும் பாருங்கள்: கட்டுமானம் சதுப்பிலிருந்து 15 மீட்டர், நீர்நிலையிலிருந்து 30 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும் என்று நில கிரெடிட் சொல்கிறது. எல்லைக்கோட்டை வளைத்து இதிலிருந்து தப்ப முடியாது.

பொது வசதிகளுக்கு வருவோம். எம்எல்சிபி (பல மாடி கார் நிறுத்தம்), எஸ்டிபி (கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம்), டிஜி யார்டு (டீசல் ஜெனரேட்டர் இடம்), சில்லர் பிளான்ட் (ஏசிக்குக் குளிர்நீர் தயாரிக்கிற இடம்), கேன்டீன். இவையெல்லாம் எல்லைக்கு உள்ளே இருந்துதான் ஆக வேண்டும் என்று இல்லை. வெளியே இருந்தாலும் இந்தக் கட்டடத்துக்கு நேரடியாக உதவுகிறது, பயன்படுத்த அனுமதி இருக்கிறது, வேறு எந்த லீட் கட்டடமும் அதே பங்கைக் காட்டவில்லை என்றால் கணக்கில் சேர்க்கலாம். பார்க்கிங் கிரெடிட்டில் இது இருபுறமும் வெட்டும். எம்எல்சிபியில் சி பிளாக்குக்கு 300 இடம் ஒதுக்கியிருந்தால் அந்த 300ம் எண்ணிக்கையில் வந்தே தீரும், கோட்டுக்கு வெளியே இருப்பதால் மறையாது. சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமமான சிஎம்டிஏ கேட்கிற குறைந்தபட்ச எண்ணிக்கையைத் தாண்டினாலே அந்த கிரெடிட் கிடையாது. நம்மூரில் வாடகைக்கு வருகிற கம்பெனிகள் கூடுதல் கார் இடம் கேட்பதால் எல்லா ஓனரும் தாண்டித்தான் கட்டுகிறார்கள். அந்த கிரெடிட்டை விட்டுவிடுங்கள் என்பேன்.

சில்லர் பிளான்ட் பொதுவாக இருந்தால் அது லீட்டின் பார்வையில் டிஸ்ட்ரிக்ட் கூலிங் மாதிரி, அதாவது ஒரே இடத்திலிருந்து பல கட்டடங்களுக்குக் குளிர்நீர் அனுப்புவது, தனி வழிகாட்டி இருக்கிறது. எனர்ஜி மாடலில் (கட்டடத்தின் மின்தேவையைக் கணினியில் கணிக்கிற கணக்கு) குளிர்நீரை விலைக்கு வாங்குவதாகக் காட்டலாம், அல்லது பிளான்ட்டின் உண்மையான திறனையும் சேர்த்துக் காட்டலாம். பழைய பிளான்ட் சுமாராக ஓடுகிறது என்றால் முதல் வழி, புதிதாக நல்ல சில்லர் போட்டிருந்தால் இரண்டாவது வழி. ஆனால் குளிர்பதன வாயு பற்றிய முன்நிபந்தனை பிளான்ட்டுக்கும் பொருந்தும், அதனால் அங்கே என்ன வாயு ஓடுகிறது என்று எழுத்தில் வாங்கி வையுங்கள்.

இதைவிடப் பெரிய தலைவலி மீட்டர். லீட்டுக்கு ஒவ்வொரு கட்டடத்துக்கும் மின்சாரமும் தண்ணீரும் தனியாக அளக்கப்பட வேண்டும், அது முன்நிபந்தனை, பாயிண்ட் இல்லை, விட்டுவிட்டுப் போக முடியாது, ஐந்து வருடத்துக்கு அந்த அளவுகளைக் கொடுக்கிறோம் என்று கையெழுத்தும் போட வேண்டும். உங்கள் வளாகத்துக்கு மின்வாரியம் கொடுத்திருப்பது ஒரே ஹெச்டி (உயர் மின்னழுத்த) இணைப்பு, ஒரே பில். தண்ணீரோ கேட்கவே வேண்டாம், மெட்ரோ வாட்டர், போர்வெல், லாரித் தண்ணீர் மூன்றும் ஒரே சம்ப்பில் கலந்து ஒரே பம்ப்பில் எல்லா பிளாக்குக்கும் ஏறுகிறது. சி பிளாக்குக்குப் பிரிகிற குழாயில் ஒரு மீட்டர், தோட்டத்துக்குப் போகிற குழாயில் ஒரு மீட்டர், எஸ்டிபியிலிருந்து திரும்பி வருகிற தண்ணீருக்கு ஒரு மீட்டர். எல்லைக்கோடு போடுகிற அன்றைக்கே பிளம்பிங் ஆளையும் எலெக்ட்ரிகல் ஆளையும் உட்கார வைத்து அந்தக் கோடு அவர்களுடைய குழாயையும் கேபிளையும் எங்கெங்கே வெட்டுகிறது என்று குறிக்கச் சொல்லுங்கள். வெட்டுகிற ஒவ்வொரு இடத்திலும் ஒரு மீட்டர். கட்டடம் இயங்க ஆரம்பித்த பிறகு குழாயை வெட்டி மீட்டர் போடுவது எவ்வளவு சங்கடம் என்று ஃபெசிலிட்டி ஆட்களைக் கேட்டால் தெரியும்.

டி பிளாக் நிலம் பற்றி. அதை இப்போது வெளியே விடலாம், விடுவதுதான் சரி. ஆனால் அங்கே இப்போது என்ன நடக்கிறது? லேபர் ஷெட், கம்பி வளைக்கிற யார்டு, சி பிளாக் பேஸ்மென்ட்டில் தோண்டிய மண் மலை. அது இந்த வேலையால் கலைந்த நிலம். குறைந்தபட்சம் மண் அரிப்புத் தடுப்புத் திட்டத்திலாவது அது இருக்க வேண்டும், வேலை முடிந்ததும் என்ன நிலையில் விடுவீர்கள் என்றும் எழுத வேண்டும். மாஸ்டர் பிளானில் அந்த இடம் அடுத்த கட்டம் என்று தேதியோடு காட்டிவிட்டால் ரிவ்யூவர் பெரும்பாலும் ஒத்துக்கொள்வார், எதுவும் சொல்லாமல் வெள்ளையாக விட்டால்தான் கேள்வி வரும்.

டி பிளாக்கும் லீட் வாங்கும் என்பது நிச்சயமென்றால் கேம்பஸ் முறையை இப்போதே யோசியுங்கள். மாஸ்டர் சைட் என்று ஒன்றைத் தனியாகப் பதிவு செய்து, வளாகம் முழுக்கப் பொதுவான கிரெடிட்டுகளை ஒரே தடவை ரிவ்யூ வாங்கிவிட்டால் பிறகு ஒவ்வொரு பிளாக்கும் அதை எடுத்துக்கொள்ளலாம், ஆனால் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி எல்லை, தனித்தனிச் சான்றிதழ். குரூப் முறை வேறு, அதில் எல்லாக் கட்டடத்துக்கும் சேர்த்து ஒரே சான்றிதழ், கடைசிக் கட்டடம் முடிகிறவரை முதல் கட்டடமும் காத்திருக்க வேண்டும். ஒரே மாதிரி நாலு ஹாஸ்டல் பிளாக் ஒரே நேரத்தில் கட்டுகிற கல்லூரிக்குக் குரூப் பொருந்தும், உங்களுக்குப் பொருந்தாது. ஒரே ஒரு புதுக் கட்டடத்துக்காக மாஸ்டர் சைட் கட்டணம் கட்டுவதும் வீண். இந்தியப் பசுமைக் கட்டடக் கவுன்சிலான ஐஜிபிசியில் கிரீன் கேம்பஸ் என்றே தனி ரேட்டிங் இருக்கிறது, வளாகம் முழுக்க ஒரு பெயர் வேண்டும் என்பதுதான் ஓனரின் ஆசையென்றால் லீட் எல்லையை இழுத்து வளைப்பதற்குப் பதில் அதைப் பார்க்கச் சொல்லுங்கள்.

பி, சி பிளாக்குகளுக்கு நடுவே ஸ்கை பிரிட்ஜ் வருகிறதே, இரண்டும் ஒரே கட்டடம் ஆகிவிடுமா என்றும் கேட்டிருந்தீர்கள். நடந்துபோகிற பாலம், பார்க்கிங் பேஸ்மென்ட், இயந்திர அறை, இவற்றால் மட்டும் இணைந்திருந்தால் தனித்தனிக் கட்டடமாகவே எடுத்துக்கொள்ளலாம். அந்தப் பாலத்தில் காபி ஷாப்பும் மீட்டிங் ரூமும் வைத்து ஆட்கள் உட்காருகிற இடமாக்கினால் சிக்கல். ஓனருக்கு அந்த ஆசை வருவதற்கு முன்னால் சொல்லி வையுங்கள்.

ஓஎஸ்ஆர் நிலம், அதாவது பொதுத் திறந்தவெளிக்காக ஒதுக்குகிற நிலம். 10,000 ச.மீ.க்கு மேலான தளத்தில் சாலை போக 10 சதவீதத்தைத் தானப் பத்திரம் எழுதி உள்ளாட்சிக்குக் கொடுத்தாக வேண்டும் என்பது உங்களுக்கே தெரியும். கொடுத்த பிறகும் நாம்தான் வேலி போட்டுப் பராமரிக்கிறோம், நம் செக்யூரிட்டிதான் நிற்கிறார் என்பதால் அது நம்முடையது என்ற நினைப்பிலேயே பல பேர் திறந்தவெளியில் சேர்த்துவிடுகிறார்கள். என் வழக்கம், அதைக் கோட்டுக்கு வெளியே விட்டுவிடுவது. பெயர் மாறிய நிலத்தை நம் கணக்கில் காட்டி, ரிவ்யூவர் உரிமை ஆவணம் கேட்டால் எதைக் கொடுப்பது? அப்புறம் பரப்பு. பத்திரப்படி ஒன்று, பட்டாப்படி ஒன்று, தரையில் அளந்தால் இன்னொன்று என்பது நம் மாவட்டத்தில் சாதாரணம். லீட்டுக்கு அளந்த பரப்பை எடுங்கள், அப்ரூவல் டிராயிங்கில் உள்ள எண்ணோடு ஏன் வேறுபடுகிறது என்று ஒரு பத்தி எழுதிக் கூடவே வையுங்கள்.

இவ்வளவு பேசுகிற நானே ஒரு வளாகத்தில் நன்றாக மாட்டியிருக்கிறேன், தப்பு என்னுடையதுதான். சிவில் டிராயிங்கில் ஒரு எல்லை, லேண்ட்ஸ்கேப் டிராயிங்கில் ஒரு எல்லை, மழைநீர்க் கணக்கில் இன்னொரு பரப்பு. யாரும் ஏமாற்றவில்லை, ஆர்க்கிடெக்ட் நடுவில் ஒரு ரோட்டை நகர்த்தினார், நான் ஒரு ஷீட்டில் மட்டும் கோட்டைத் திருத்தினேன். ரிவ்யூவில் ஒரே வரிக் கேள்வி வந்தது, எது சரியான பரப்பு என்று. அந்த ஒரு வரிக்காக ஐந்து கிரெடிட்டின் கணக்கை மறுபடி போட்டோம், மூன்று வாரம் போனது, ஓனர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அதிலிருந்து எல்லைக்கோட்டுக்கு மட்டும் தனி எக்ஸ்ரெஃப் ஃபைல், எல்லாருடைய டிராயிங்கிலும் அதையே இணைக்க வேண்டும், பரப்பு ஒரே ஒரு எக்ஸெல் செல்லிலிருந்துதான் எல்லாக் கணக்குக்கும் போக வேண்டும். கோடு நகர்ந்தால் எல்லாம் சேர்ந்து நகரட்டும். உங்கள் கன்சல்டன்ட் இப்படி வைத்திருக்கிறாரா என்று கேட்டுப் பாருங்கள், பதிலிலேயே ஆள் எப்படி என்று தெரிந்துவிடும்.

இந்தக் கோடு பொருந்தாத இரண்டு கிரெடிட்டுகளையும் சொல்லிவிடுகிறேன். வெளிவிளக்குக் கணக்கில் எல்லை என்பது லீட் கோடு இல்லை, உங்கள் சொத்தின் எல்லை, அதாவது காம்பவுண்டு, வெளியே பொதுச் சாலை இருந்தால் அதன் நடுக்கோடு வரை நகர்த்தலாம். இதில் பெரிய வளாகம் இருப்பது லாபம். பஸ், ரயில் கிரெடிட்டில் நஷ்டம்: நடை தூரத்தை கேட்டிலிருந்து அளப்பதில்லை, கட்டடத்தின் வாசலிலிருந்து, ஆட்கள் நடக்கிற வழியிலேயே அளக்க வேண்டும். பஸ்ஸுக்கு 400 மீட்டர், ரயிலுக்கு 800. கேட்டுக்கு எதிரிலேயே பஸ் ஸ்டாப் இருந்தும் சி பிளாக் உள்ளே 500 மீட்டர் தள்ளி இருந்தால் அந்த ஸ்டாப் கணக்கில் வராது. ஓஎம்ஆரில் வருகிற மெட்ரோவை நம்பலாமா என்றால், உங்கள் கட்டடத்துக்கு ஆக்குபன்சி (குடிபுகும் அனுமதி) சான்றிதழ் கிடைக்கிற நாளில் அது கட்டுமானத்தில் இருக்க வேண்டும், 24 மாதத்துக்குள் முடியவும் வேண்டும், உங்கள் தேதியை வைத்து நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக, சான்றிதழ் வந்த பிறகு செய்கிற தப்பு ஒன்று. லீட் பட்டயத்தை மெயின் கேட்டு வளைவில் பதித்து, வளாகத்தின் பெயருக்குக் கீழே கோல்டு என்று எழுதிவிடுவார்கள். சான்றிதழ் வாங்கியது சி பிளாக் மட்டும், விளம்பரத்திலும் போர்டிலும் அது தெளிவாகத் தெரிய வேண்டும் என்பதும் விதிதான். பட்டயத்தை சி பிளாக் லாபியில், லிஃப்டுக்கு எதிர்ச் சுவரில் மாட்டுங்கள். மார்க்கெட்டிங் ஆட்கள் கேட்டில் மாட்டச் சொல்லி வருவார்கள், அப்போது ஏ, பி பிளாக்குகளை எப்போது பதிவு செய்யப் போகிறீர்கள் என்று மட்டும் கேளுங்கள்.